ஃபர்ஸ்ட் பேஸில் யார் பெரியவர்? மல்வேர்ன் பேஸ்மென்டில் ஒரு பட்டிமன்றம்

2025 நவம்பர் 1, சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டிவிட்டது. பேஸ்பால் உலகத் தொடரின் 7ஆவது ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 5, எங்கள் டொராண்டோ ப்ளூ ஜேஸ் 4. தேர்ட் பேஸில் விளாடிமிர் குரேரோ ஜூனியர் நிற்கிறார். ஒருவர்தான் அவுட். ஒரு ரன் வந்தால் சமன்.

அலெஹாண்ட்ரோ கர்க் அடித்தார். மட்டை உடைந்து, பந்து மூக்கி பெட்ஸிடம் உருண்டது. அவர் செகண்ட் பேஸை மிதித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தார். அங்கே நின்ற ஃப்ரெடி ஃப்ரீமேனின் கையுறைக்குள் பந்து போனது. இரண்டு பேர் அவுட். தொடர் முடிந்தது.

ஸ்கார்பரோவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற மல்வேர்னில், நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்டில் நாங்கள் நான்கு பேர். வீட்டுக்கார அங்கிள், அவர் மகள், மகளின் 12 வயதுப் பையன், நான். மேலே ஆன்ட்டி தூங்குகிறார் என்பதால் எல்லோரும் கீழே வந்திருந்தார்கள். பையன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டான். ஐந்து நிமிடத்துக்கு யாரும் பேசவில்லை. டிவியில் மட்டும் எதிரணிக் கொண்டாட்டம்.

அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தம்பி, தொண்ணூற்றிரண்டிலையும் கடைசிப் பந்து ஃபர்ஸ்ட் பேஸிலைதான் முடிஞ்சது. அதுவும் பதினோராவது இன்னிங்ஸ்தான். அண்டைக்கு எங்கட கையிலை. இண்டைக்கு அவங்கட கையிலை."

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 1992 அக்டோபர் 24, அட்லாண்டா. 11ஆவது இன்னிங்ஸில் ஓட்டிஸ் நிக்சன் தட்டிவிட்ட பந்தை மைக் டிம்லின் எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போட, அங்கே நின்ற ஜோ கார்ட்டர் பிடித்தார். கனடாவுக்கு வந்த முதல் உலகத் தொடர் கோப்பை அது.

அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்த வாக்குவாதம் இந்தக் குளிர்காலம் முழுக்க ஓடியது. ஃபர்ஸ்ட் பேஸில் நின்றவர்களில் யார் பெரியவர்? பனி அள்ளும்போதும், டாப்ஸ்கொட் ரோட்டில் சாமான் வாங்கப் போகும்போதும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிலும் இதே பேச்சு. மேலோட்டமாகப் பார்த்தால் வெட்டி அரட்டைதான். ஆனால் அதன் முடிவில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அது என்ன இடம்?

கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்தவன் நான். எனக்குத் தெரிந்த மட்டைப்பந்து கிரிக்கெட் மட்டும்தான். அதனால் கிரிக்கெட் மொழியிலேயே சொல்கிறேன்.

பேஸ்பாலில் பந்தைத் தரையில் அடித்துவிட்டு ஓடுகிறவர் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் ஃபர்ஸ்ட் பேஸ். தூரம் 90 அடி. அவர் அங்கே கால் வைப்பதற்குள் பந்து வந்துவிட்டால் அவுட். ஒவ்வொரு பந்திலும் ரன் அவுட் முயற்சி நடக்கிற கிரிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரன் அவுட்டில் ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்று த்ரோவை வாங்குகிறவர்தான் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். ஒரு கால் பேஸைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். த்ரோ தலைக்கு மேலே வரும், காலுக்குக் கீழே வரும், குத்தி எழும்பி வரும். எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எறிகிறவர் மோசமாக எறிந்து, பிடிக்க முடியாமல் போனால், பிழை எறிந்தவர் கணக்கில் எழுதப்படும். அந்த மோசமான த்ரோவை ஃபர்ஸ்ட் பேஸ்மேன் தரையோடு வாரி எடுத்துவிட்டால் அது வழக்கமான அவுட். ஒரு தப்பைக் காப்பாற்றினார் என்று ஸ்கோர் அட்டையில் தனியாக ஒரு வரியும் இருக்காது.

அதே சமயம் இந்த இடத்தில் நிற்பவரிடம் அணி எதிர்பார்ப்பது பெரிய அடி. ஓட்டம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஹோம் ரன் அடிக்க வேண்டும். அதனால் ஃபர்ஸ்ட் பேஸ்மேனை எடைபோடுகிறவர்கள் மட்டையை மட்டும் பார்ப்பார்கள், கையுறையை மறந்துவிடுவார்கள்.

விவாதத்துக்கு அங்கிள் ஒரு விதி போட்டார். "கறுப்பு வெள்ளைப் படக் காலத்து ஆக்கள் வேண்டாம். லூ கெரிக் பெரிய ஆள்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா ப்ளூ ஜேஸ் பிறந்த எழுபத்தேழுக்குப் பிறகு விளையாடினவங்களை மட்டும் கதைப்பம்."

நல்ல விதி. 1977 ஏப்ரல் 7ஆம் தேதி, பனி விழுந்துகொண்டிருந்த எக்ஸிபிஷன் ஸ்டேடியத்தில் ப்ளூ ஜேஸ் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. சிகாகோ வைட் சாக்ஸை 9-5 என்று வென்றது. அன்று இரண்டு ஹோம் ரன் அடித்து ஊரைத் தூக்கி நிறுத்தியவர் டக் ஆல்ட். அவர் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். இந்த அணியின் கதையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அங்கிள் கட்சி: ஜான் ஓலெருட்

அங்கிள் வடமராட்சிக்காரர். ஊரில் கணக்கு வாத்தியார். 1989இல் இங்கே வந்து, முதல் நான்கு வருடம் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். சமையலறை ரேடியோவில் எப்போதும் பேஸ்பால் கமென்ட்ரி ஓடுமாம். ஆங்கிலம் முழுதாகப் புரியாது, ஆனால் எண்கள் புரியும். "எனக்குக் கணக்கு தெரியும்தானே தம்பி. அவன்ர சராசரி ஒவ்வொரு நாளும் ஏற ஏற எனக்கு ஒரு சந்தோஷம்" என்பார்.

அந்த "அவன்" ஜான் ஓலெருட். 1989இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மூளை ரத்தக்குழாய் வீக்கத்தால் சுருண்டு விழுந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதே வருடம் மைனர் லீக் பக்கமே போகாமல் நேராக ப்ளூ ஜேஸில் இறங்கினார். தலைக்குப் பாதுகாப்பாக, ஃபீல்டிங்கிலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்பார்.

1993இல் அவர் ஆடியதுதான் அங்கிளுக்கு வேதம். ஆகஸ்ட் தொடக்கம் வரை சராசரி .400ஐ ஒட்டி இருந்தது. ஒரு முழு சீசனில் .400 தொட்ட கடைசி ஆள் 1941இல் டெட் வில்லியம்ஸ். அதனால் அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது. கடைசியில் .363. அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டம். இரண்டாம், மூன்றாம் இடங்களும் அதே அணியின் பால் மாலிட்டர், ராபர்ட்டோ அலோமருக்கு. அந்த வருடம் கோப்பையும் திரும்ப வந்தது.

"ஆனா அப்பா, தொண்ணூற்றிரண்டு கடைசிப் பந்தைப் பிடிச்சது கார்ட்டர். உங்கட ஆள் இல்லை" என்று மகள் சீண்டினார்.

அங்கிள் அசரவில்லை. "பிள்ளை, ஓலெருட் அடிச்சதை மட்டும் நான் கதைக்கேல்லை. அவன் பிடிச்சதையும் கதைக்கிறன். மற்றவன் பிழையா எறிஞ்சதெல்லாம் அவன்ர கைக்குள்ள போனாச் சரியாகிடும்."

ஓலெருட் பின்னாளில் மூன்று கோல்ட் கிளவ் விருது வாங்கினார். 1999இல் அவர் நியூயார்க் மெட்ஸில் இருந்தபோது, உள்வட்ட ஃபீல்டர்கள் நான்கு பேரும் சேர்ந்து அந்த சீசனில் செய்த பிழைகள் 27. வரலாற்றிலேயே சிறந்த உள்வட்டம் இதுதானா என்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அட்டையில் போட்டுக் கேட்டது.

அக்கா கட்சி: கார்லோஸ் டெல்காடோ

மகள் என்னைவிட மூன்று வயது பெரியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயே பள்ளிக்கூடம் போனவர். அவர் பார்த்து வளர்ந்த காலத்தில் ப்ளூ ஜேஸ் எதையும் ஜெயிக்கவில்லை. 1993க்குப் பிறகு 2015 வரை அணி பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 22 வருடம்! அந்த வறட்சியில் டிக்கெட் வாங்கிப் போக இருந்த ஒரே காரணம் டெல்காடோ.

புவேர்ட்டோ ரிக்கோக்காரர். ப்ளூ ஜேஸ் சட்டையில் 336 ஹோம் ரன். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. மொத்தம் 473. 1997 முதல் 2006 வரை தொடர்ந்து 10 சீசன், ஒவ்வொன்றிலும் 30 அல்லது அதற்கு மேல். 2000ஆம் ஆண்டு சராசரி .344, ஹோம் ரன் 41. 2003இல் 42 ஹோம் ரன், 145 ஆர்பிஐ. அந்த வருடம் செப்டம்பர் 25ஆம் தேதி ஸ்கைடோமில் நான்கு முறை பேட் பிடித்து நான்கு முறையும் ஹோம் ரன் அடித்தார். முதல் அடி அவருடைய 300ஆவது.

ஆனால் அக்கா அவரைக் கொண்டாட இன்னொரு காரணம் இருக்கிறது.

2004இல் ஈராக் போர் நடந்துகொண்டிருந்தது. ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் 'காட் பிளெஸ் அமெரிக்கா' பாடும்போது டெல்காடோ களத்தில் வந்து நிற்க மாட்டேன் என்றார். அவருடைய புவேர்ட்டோ ரிக்கோவில் வியேகெஸ் என்ற சிறிய தீவை அமெரிக்கக் கடற்படை பல பத்தாண்டுகளாகக் குண்டு போட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தது. 2003இல்தான் கடற்படை அங்கிருந்து வெளியேறியது. அதற்காகவும் குரல் கொடுத்தவர் அவர். நியூயார்க்கில் கூட்டம் கூச்சல் போட்டது. அவர் கத்தவில்லை, விளக்கம் கேட்டவர்களுக்கு அமைதியாகச் சொன்னார், அவ்வளவுதான்.

"எங்கட வீட்டிலை ஃபோன் அடிச்சாலே பயமா இருந்த காலம் தம்பி அது" என்றார் அக்கா. "ஊரிலை குண்டு விழுற கதை கேட்டு வளர்ந்தனாங்கள். கிளாஸிலை அதைப் பற்றிக் கதைக்க ஒருத்தரும் இல்லை. டிவியிலை ஒரு பெரிய பிளேயர், குண்டு போடுறது பிழை எண்டு சொன்னா எப்பிடி இருக்கும்?"

நான் அதற்கு எண்ணெடுத்து பதில் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

பேரன் கட்சி: விளாடி

பையனுக்கு இதெல்லாம் பழங்கதை. "தாத்தா, அம்மா, ரெண்டு பேரும் ராங். விளாடிதான்."

விளாடிமிர் குரேரோ ஜூனியர் 1999இல் மாண்ட்ரியாலில் பிறந்தவர். அப்போது அவருடைய அப்பா அங்கே எக்ஸ்போஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தேர்ட் பேஸில் தொடங்கி 2020இல் ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாறினார். 2021இல் 48 ஹோம் ரன். 2022இல் கோல்ட் கிளவ். மட்டையும் கையுறையும் இரண்டும் உண்டு என்பது பையனின் வாதம். 2025 ஏப்ரலில் 14 வருடத்துக்கு 50 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் போட்டு, இந்த ஊரிலேயே இருக்கிறேன் என்று கையெழுத்திட்டார்.

அதே வருடம் அக்டோபரில் அதற்குக் கணக்கும் தீர்த்தார். யாங்கீஸுக்கு எதிராக கிராண்ட் ஸ்லாம். சியாட்டிலுக்கு எதிரான தொடரில் சிறந்த வீரர் விருது. பிளே ஆஃப் முழுக்கச் சராசரி .397, ஹோம் ரன் 8. கடைசி இரவில் 11ஆவது இன்னிங்ஸை இரட்டை அடியோடு தொடங்கி தேர்ட் பேஸ் வரை வந்து நின்றவரும் அவர்தான். வீட்டுக்கு இன்னும் 90 அடி இருந்தது.

2025 முடிவில் அவர் கணக்கில் 183 ஹோம் ரன். டெல்காடோவின் 336ஐ ஒருநாள் தாண்டக்கூடும். ஆனால் இன்னும் தாண்டவில்லை. "எதிர்காலத்துக்கு ஓட்டுப் போட முடியாதுடா" என்றேன். பையன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

என் எக்செல் ஷீட்

எனக்குத் தொழில் டேட்டாபேஸ். நான் 2018இல் வந்தவன். எனக்கு எந்த வீரரோடும் பழைய உறவு இல்லை. அதனால் நடுவர் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. எக்செல் ஷீட் போட்டேன்.

1977க்குப் பிறகு ஆடிய ஃபர்ஸ்ட் பேஸ்மேன்கள் என்றால் பட்டியல் சின்னதில்லை. அதே 1977இல் தொடங்கி 504 ஹோம் ரன், 3,255 ஹிட் எடுத்த எடி மர்ரே. 11 கோல்ட் கிளவ் வாங்கிய கீத் ஹெர்னாண்டஸ். 449 ஹோம் ரன்னோடு 202 பேஸைத் திருடிய ஜெஃப் பேக்வெல். 2012இல் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ மூன்றிலும் முதலிடம் பிடித்த மிகெல் கப்ரேரா. 521 ஹோம் ரன் அடித்த ஃபிராங்க் தாமஸ், அதில் 500ஆவதை ப்ளூ ஜேஸ் சட்டையில் அடித்தார்.

மார்க் மெக்வயரும் ரஃபேல் பால்மெய்ரோவும் எண்ணிக்கையில் பெரியவர்கள். 1998இல் 70 அடித்த மெக்வயர் ஊக்கமருந்து எடுத்ததை 2010இல் ஒத்துக்கொண்டார். பால்மெய்ரோ 2005 சோதனையில் சிக்கினார். இருவரையும் எங்கள் வீட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லை. இதில் மட்டும் நான்கு பேருக்கும் ஒரே கருத்து.

ஒட்டுமொத்த முதலிடத்தில் சண்டையே இல்லை. ஆல்பர்ட் பூஹோல்ஸ். 703 ஹோம் ரன், 3,384 ஹிட், மூன்று முறை எம்விபி. 2001 முதல் 2010 வரை பத்து சீசனிலும் சராசரி .300க்கு மேல், ஹோம் ரன் 30க்கு மேல், ஆர்பிஐ 100க்கு மேல். பிடிப்பதிலும் இரண்டு கோல்ட் கிளவ். இத்தனைக்கும் 1999 தேர்வில் 13ஆவது சுற்றில், 401 பேரை எடுத்த பிறகு எடுத்தார்கள் அவரை!

கனடாக்காரர்கள் இரண்டு பேரையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஜஸ்டின் மோர்னோ 2006இல் அமெரிக்கன் லீக் எம்விபி. எங்கள் டொராண்டோவில் பிறந்து எட்டோபிகோவில் வளர்ந்த ஜோயி வோட்டோ 2010இல் நேஷனல் லீக் எம்விபி. வோட்டோ ஆன் பேஸ் விகிதத்தில் ஏழு முறை லீகில் முதலிடம். கடைசி நாட்களில் சொந்த ஊர் அணிக்கு ஒரு ஆட்டமாவது ஆட ஆசைப்பட்டு ப்ளூ ஜேஸோடு மைனர் லீக் ஒப்பந்தம் போட்டார். மேலே வர முடியாமலே 2024 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார்.

கடைசிப் பந்தைப் பிடித்து எங்களை அழவைத்த ஃப்ரீமேன்கூடப் பாதி எங்கள் ஆள்தான். அப்பா அம்மா இருவரும் ஒண்டாரியோவைச் சேர்ந்தவர்கள். பத்து வயதில் அம்மாவைப் புற்றுநோய்க்கு இழந்தவர். அம்மா நினைவாக 2017 உலக பேஸ்பால் கிளாசிக்கில் கனடா சட்டை போட்டு ஆடினார். இதைச் சொன்னபோது அங்கிள், "அப்ப கோப்பை முழுக்க வெளியாலை போகேல்லை" என்றார்.

சரி, டொராண்டோ போட்டிக்கு வருவோம். நான் டெல்காடோதான் ஜெயிப்பார் என்று நினைத்தேன். 473க்கும் ஓலெருட்டின் 255 ஹோம் ரன்னுக்கும் என்ன ஒப்பீடு?

வார் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சாதாரண மாற்று வீரரை நிறுத்தியிருந்தால் கிடைப்பதைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதல் என்பதை அடி, ஓட்டம், ஃபீல்டிங் எல்லாம் சேர்த்துச் சொல்லும். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின்படி பூஹோல்ஸ் 100க்கு மேல். டெல்காடோ 44 சொச்சம். ஓலெருட்? 58 சொச்சம்!

திரும்பத் திரும்பப் பார்த்தேன். சரிதான். ஓலெருட் வாங்கிய வாக்குகள், அதாவது பந்து வீசுகிறவர் தப்பாக வீசிக் கிடைக்கும் இலவச பேஸ், அடித்த இரட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கையுறை. கோப்பை கழுவிக்கொண்டே ரேடியோவில் கேட்ட மனிதர் முப்பது வருடமாகச் சொல்லிவந்ததை என் ஷீட் இப்போதுதான் கண்டுபிடித்தது.

அங்கிளிடம் லேப்டாப்பைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுக்கு ஏன் தம்பி கம்ப்யூட்டர்?" என்று மட்டும் கேட்டார்.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓலெருட்டின் பல நல்ல வருடங்கள் நியூயார்க்கிலும் சியாட்டிலிலும் கழிந்தன. டொராண்டோ அவரை 1996 டிசம்பரில் விட்டுக்கொடுத்தது. டெல்காடோ இங்கே 12 சீசன் நின்றார். எனவே என் தீர்ப்பு: உலகத்துக்குப் பூஹோல்ஸ். ப்ளூ ஜேஸ் சட்டைக்கு டெல்காடோ. ஃபர்ஸ்ட் பேஸ் என்ற வேலைக்கு, இந்த ஊர் பார்த்தவர்களில் ஓலெருட். விளாடியின் 14 வருட ஒப்பந்தம் இன்னும் பாக்கி இருக்கிறது, அவர் வழக்கு நிலுவையில்.

ஒரே பார்வையில் தள்ளுபடி

இனிதான் நான் சொல்லவந்த விஷயம்.

ஹால் ஆஃப் ஃபேம் என்பது பேஸ்பாலின் உச்ச மரியாதை. ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்துப் பெயர் பட்டியலுக்கு வரும். பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். 75 சதவீதம் வாங்கினால் உள்ளே. கிடைக்காவிட்டால் பத்து வருடம் வரை பட்டியலில் இருக்கலாம். ஆனால் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த வருடமே பெயர் நீக்கப்படும். எழுத்தாளர்கள் திரும்ப யோசிக்க வழியே கிடையாது.

2011இல் ஓலெருட் வாங்கியது 0.7 சதவீதம். நான்கே நான்கு ஓட்டு. போய்விட்டார். 2015இல் டெல்காடோ வாங்கியது 3.8 சதவீதம். அவரும் போய்விட்டார். அந்த வருடம் ராண்டி ஜான்சன், பெட்ரோ மார்ட்டினஸ், ஜான் ஸ்மோல்ட்ஸ், கிரெய்க் பிஜியோ என்று பட்டியல் நெரிசல். ஒருவர் பத்துப் பெயருக்கு மேல் எழுத முடியாது. பதினோராவதாக யோசிக்கப்பட்டவர்கள் எல்லாம் பூஜ்யம். கனடாவின் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அதே 2015இல் டெல்காடோவைச் சேர்த்துக்கொண்டது என்பது தனிக் கதை.

ஓலெருட்டை ஏன் தள்ளினார்கள்? அவர் செய்த வேலையில் பாதி கண்ணில் படாத வேலை. டெல்காடோவை ஏன் தள்ளினார்கள்? அவர் இருந்த அணி அவரை ஒரு தடவைகூட பிளே ஆஃபுக்குக் கூட்டிப்போகவில்லை. முதல் பிளே ஆஃப் அவருக்கு 2006இல் மெட்ஸில்தான் கிடைத்தது. அணியின் தோல்வி ஒருவர் கணக்கில் எழுதப்பட்டது.

பொறுமையாகப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு ஃபர்ஸ்ட் பேஸ்மேன்தான் சாட்சி. ஃப்ரெட் மெக்ரிஃப். 1989இல் ப்ளூ ஜேஸுக்காக 36 ஹோம் ரன் அடித்து லீகில் முதலிடம். மொத்தம் 493. எழுத்தாளர்கள் பத்து வருடம் பார்த்தும் ஓட்டுப் போடவில்லை. ஆனால் பட்டியலில் இருந்ததால் பெயர் மறக்கவில்லை. பிறகு 16 பேர் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்து பேசி, 16க்கு 16 ஓட்டில் 2023இல் உள்ளே கொண்டுவந்தது.

2025 டிசம்பரில் அதே மாதிரிக் குழுவின் முன் டெல்காடோவின் பெயர் வந்தது. தேவை 12 ஓட்டு. கிடைத்தது 9. தோல்விதான். ஆனால் கவனியுங்கள். நூற்றில் நான்கு பேர்கூட எழுதாத பெயருக்கு, ஒரு அறையில் உட்கார்ந்து பேசியபோது பாதிக்கு மேல் கை உயர்ந்திருக்கிறது. அதே பட்டியலில் இருந்து 6 ஓட்டு வாங்கிய இன்னொருவர் டான் மாட்டிங்லி. யாங்கீஸின் பழைய ஃபர்ஸ்ட் பேஸ்மேன், 9 கோல்ட் கிளவ். ஆட்டக்காரராக ஒருமுறையும் உலகத் தொடர் பார்க்காதவர், 2025இல் ப்ளூ ஜேஸ் பயிற்சியாளராக முதல்முறை பார்த்தார். அதையும் கடைசிப் பந்தில் தோற்றார்.

இந்த 5 சதவீத விதியை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. எல்லோரையும் உள்ளே விடச் சொல்லவில்லை. மூன்று வருடமாவது பெயர் பட்டியலில் இருக்கட்டும். இரண்டாம் முறை பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்தேன். 2018இல் நான் வந்து இறங்கிய முதல் ஐந்து மாதம் நூற்றுக்கும் மேலே விண்ணப்பம் போட்டேன். ஊரில் ஆறு வருட அனுபவம். ஒரு இடத்தில் இன்டர்வியூ பத்து நிமிடத்தில் முடிந்தது. "கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே" என்றார்கள். என் வேலையை யாரும் பார்க்கவே இல்லை, பார்த்த மாதிரி தள்ளிவிட்டார்கள். அங்கிளுக்கு அந்தப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கணக்கு வாத்தியார் என்று சொல்லவே வாய்ப்பில்லாமல் சமையலறைக்குப் போனார். மல்வேர்னில் கதவைத் தட்டினால் வீட்டுக்கு ஒருவர் இப்படி இருப்பார். 2026 ஜனவரி 1 முதல் ஒண்டாரியோவில் 25 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. அங்கிளுக்கு 37 வருடம் தாமதம்.

ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்காததால் ஓலெருட்டும் டெல்காடோவும் தெருவுக்கு வந்துவிடவில்லை, தெரியும். கோடிகள் சம்பாதித்தவர்கள். ஆனால் அளக்கிற முறை ஒன்றுதான். பளிச்சென்று தெரிவதை மட்டும் எண்ணி, ஒரே பார்வையில் ஆளைத் தள்ளுவது.

ஒன்று மட்டும் புரிந்துகொண்டேன். இந்த ஊரில் ஒருவருக்கு யார் பெரிய வீரர் என்று கேட்டால், அவர் எந்த வருடம் இந்த ஊரைத் தன் ஊராக ஏற்றுக்கொண்டார் என்பது தெரிந்துவிடும். அங்கிளுக்கு 1993. அக்காவுக்கு 2003. பையனுக்கும் எனக்கும் 2025. அந்த நவம்பர் இரவில் தூக்கம் வராமல் புரண்டபோதுதான், நான் ப்ளூ ஜேஸை "அவர்கள்" என்று சொல்வதை நிறுத்தியிருக்கிறேன் என்று கவனித்தேன்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. பையனுக்கு இந்த வருடம் ஃபர்ஸ்ட் பேஸ் கையுறைதான் வேண்டுமாம். மற்றவர்களுடையதைவிட நீளமானது, விரல் பிரியாமல் ஒரு முறம் மாதிரி இருக்கும். வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் வீட்டு டிரைவ்வேயில் அங்கிள் டென்னிஸ் பந்தை வேண்டுமென்றே கோணலாக எறிகிறார். பையன் தவறவிட்டுவிட்டுக் கத்துகிறான், "தாத்தா, நீங்க பிழையா எறியிறீங்க!"

"ஓம், பிழையாத்தான் எறிவன். நீ பிடி."

உங்கள் ஓட்டு யாருக்கு? அவசரம் வேண்டாம். இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.